பழைய கப்பல் போட்டோவுல எல்லாரும் சிரிச்சுக்கிட்டே இருக்காங்களே, நிஜமாவே அப்படித்தான் போனாங்களா?

கேள்வி (யாழ்ப்பாணத்து வாசகர் ஒருத்தர், இப்ப இருக்கறது கனடாவுல):

"பெரியப்பா 50கள்ல கொழும்பில இருந்து லண்டனுக்குப் படிக்கக் கப்பல்ல போனவர். அவர் விட்டிட்டுப் போன ஸ்லைட் பெட்டி ஒண்டு இப்ப எங்களிட்ட இருக்கு. எல்லாரும் எவ்வளவு வடிவா உடுத்திக்கொண்டு வெயில்ல சிரிச்சுக்கொண்டு இருக்கினம். அந்தக் காலத்துச் சனத்துக்கு வாழத் தெரிஞ்சிருக்கு. இப்ப விமானத்தில முழங்காலை மடக்கிக்கொண்டு போற எங்களைப் பாருங்கோ. என்ன கப்பல் எண்டும் ஆராவது சொல்லுவீங்களோ?"

ஜூன் 4, இரவு

வெயில்ல சிரிக்கிறாங்கன்னு நீங்களே எழுதிட்டீங்க, பாதி பதில் அதுலயே இருக்கு. அப்ப கலர் ஸ்லைடுன்னா (புரொஜெக்டர்ல போட்டுப் பாக்கற சின்ன ஃபிலிம் துண்டு) பெரும்பாலும் கோடாக் கம்பெனியோட கோடாக்ரோம் ஃபிலிம். 50கள் முழுக்க அதோட வேகம் வெறும் ஏஎஸ்ஏ 10. இன்னிக்கு போன்ல எடுக்கறவங்களுக்கு இந்த நம்பர் புரியாது; நம்பர் குறைய குறைய ஃபிலிமுக்கு வெளிச்சம் கூட வேணும்னு வச்சுக்குங்க. நல்ல வெயில்லயே லென்ஸ் திறப்பை எஃப் 6.3-க்கும் 8-க்கும் நடுவுல வச்சு 1/50 செகண்டு கொடுக்கணும். கப்பல் லவுஞ்ச் மாதிரி விளக்கு போட்ட இடத்துல, லென்ஸை 2.8 வரைக்கும் திறந்து விட்டாக்கூட ஒரு செகண்டுக்கு மேல கேக்கும். ஒரு செகண்டு கையில பிடிச்சு எடுக்க முடியாது, ஸ்டாண்டு போட்டாலும் பிரயோஜனம் இல்ல, ஏன்னா கீழ எஞ்சின் ஓடுது, தரையே நடுங்குது, அந்த நடுக்கம் ஸ்டாண்டு கால் வழியா நேரா கேமராவுக்கு ஏறிடும்.

அதனால கேமரா வச்சிருந்த பயணி எல்லாம் வெயில் அடிக்கற மேல்தளத்துக்கு வந்துதான் படம் எடுத்தாங்க. டெக்ல ஒரு மணி நேரம் இருந்திருப்பாங்க, கேபின்லயும் சாப்பாட்டு ஹால்லயும் மீதி நேரம் போயிருக்கும். பெட்டியில அந்த ஒரு மணி நேரம் மட்டும் இருக்கு.

நான் திருச்சியில ஒரு கலர் லேப்ல டார்க் ரூம்ல ரொம்ப வருஷம் வேலை பாத்தவன். இப்ப மெல்போர்ன்ல பையன் வீட்டுல இருக்கேன். இங்க ஆப் ஷாப்னு பழைய சாமான் கடைங்க உண்டு, அங்க ஸ்லைடு பெட்டிங்க கேட்பாரில்லாம கிடக்கும். வாங்கிட்டு வந்து லைட் பாக்ஸ் மேல பரப்பி லூப் (சின்ன பூதக்கண்ணாடி) வச்சு பாக்கறதுதான் என் பொழுது. இங்க போர்ட் மெல்போர்ன் ஸ்டேஷன் பியர்லதான் இங்கிலாந்து கப்பல், இத்தாலி கப்பல், கிரேக்கக் கப்பல் எல்லாம் வந்து நின்னுச்சு, அதனால கிடைக்கற பெட்டியில பாதிக்குக் கப்பல் படம்தான். எல்லா பெட்டியும் ஒரே பெட்டி மாதிரி இருக்கும். ரெயிலிங், சாய்வு நாற்காலி, நீச்சல் குளம், வளையம் எறியற விளையாட்டு, துறைமுகம், திரும்ப ரெயிலிங்.

ஜூன் 4, அதே இரவு, கொஞ்சம் லேட்டா

சொல்ல மறந்தது. அந்தச் செங்கடல் தாண்டற ராத்திரி. ஏசி இல்லாத கப்பல்ல கேபினுக்குள்ள வெக்கை தாங்காம, மெத்தையைத் தூக்கிட்டு வந்து டெக்ல படுப்பாங்க. ஆம்பளைங்க ஒரு பக்கம் பொம்பளைங்க ஒரு பக்கம். அந்தப் பயணத்துல போனவங்க யாரைக் கேட்டாலும் அதைத்தான் முதல்ல சொல்வாங்க. ஆனா அதுக்குப் படம்? நான் பாத்த பெட்டி எதுலயும் இல்ல. ராத்திரி. ஏஎஸ்ஏ 10. அவ்வளவுதான்.

ஜூன் 6

கருப்பு வெள்ளையில ராத்திரி பார்ட்டி படம் எல்லாம் இருக்கே, சாப்பாட்டு மேஜை படம் எல்லாம் இருக்கேன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். இருக்கு. அது பயணி எடுத்தது இல்ல, கப்பலோட போட்டோகிராபர் எடுத்தது. பெரிய கப்பல் எல்லாத்துலயும் ஒருத்தரோ ரெண்டு பேரோ இருப்பாங்க, கப்பலுக்குள்ளயே சின்ன டார்க் ரூம். ஏணிப்படியில ஏறி வரும்போது ஒண்ணு, கேப்டன் கை குலுக்கும்போது ஒண்ணு, மாறுவேஷப் போட்டியில ஒண்ணு, விருந்து மேஜையில ஒண்ணு. ராத்திரியோட ராத்திரியா கழுவி பிரிண்ட் போட்டு, மறுநாள் ஒரு போர்டுல நம்பர் போட்டு குத்தி வச்சிருப்பாங்க. உங்களுக்குப் புடிச்ச நம்பரைச் சொல்லி காசு கொடுத்து வாங்கிக்கணும்.

இங்க ஒரு விஷயத்தை நல்லா யோசிக்கணும். ஃபிளாஷ் பல்ப் ஒரு தடவை எரிஞ்சா தூக்கிப் போட வேண்டியதுதான். ஒவ்வொரு பல்பும் காசு. விக்காத படத்துக்கு பல்பை வீணடிக்க எந்த போட்டோகிராபரும் தயாரா இருக்க மாட்டான், நானும் கல்யாண வீட்டுல ஃபிளாஷ் அடிச்ச காலத்துல அப்படித்தான் இருந்தேன். அழுதுக்கிட்டு நிக்கற பொம்பளையை எடுத்தா யாரு வாங்குவா? வாந்தி எடுத்துட்டு சுருண்டு கிடக்கற ஆளை? சிரிச்ச மூஞ்சி, நல்ல டிரெஸ், கேப்டன் பக்கத்துல. அதுதான் விக்கும். அது வித்துச்சு, அதனால ஆல்பத்துல ஒட்டினாங்க, அதனால இன்னிக்கு நம்ம கைக்கு வந்திருக்கு. மத்தது எல்லாம் எடுக்கவே இல்ல.

நியூயார்க்ல இன்னும் ஒரு படி மேல. பத்திரிகை போட்டோகிராபருங்க சின்னப் படகுல ஏறிப் போயி, கப்பல் துறைமுகத்துக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே அதுல ஏறிடுவாங்க. நடிகைங்களை ரெயிலிங் மேல உக்கார வச்சு கால் மேல கால் போடச் சொல்லி எடுப்பாங்க. அந்தக் காலத்துப் பேப்பர் எதைத் திறந்தாலும் அதே ரெயிலிங், அதே கால். அதைப் பாத்துட்டு கப்பல்ல எல்லாரும் அப்படித்தான் உக்காந்திருந்தாங்கன்னு நினைச்சா எப்படி?

ஜூன் 7

நீங்க அனுப்பின ஸ்கேன் பாத்தேன். நாலு படம் போதும், கப்பல் பேரைச் சொல்லிடலாம்.

செங்கடல் வாசல்ல இருக்கற ஏடன் துறைமுகத்துல சின்ன லாஞ்ச் படகுல இருந்து திரும்பிப் பாத்து எடுத்திருக்கார் உங்க பெரியப்பா. உடம்பு சோளக் கலர், ஒரே ஒரு புகைபோக்கி, அதோட தலையில தொப்பி மாதிரி கருப்பா ஒண்ணு. சோளக் கலர்னா ஓரியன்ட் லைன்ங்கற இங்கிலாந்துக் கப்பல் கம்பெனி. 1935-ல ஓரியன் கப்பல்ல ஆரம்பிச்ச கலர் அது. இன்னொரு இங்கிலாந்துக் கம்பெனியான பி அண்ட் ஓ கப்பல்னா வெள்ளை உடம்பு. இனி கொடிமரத்தைத் தேடுங்க. இல்ல! எங்கயும் இல்ல. அந்த வரிசையில கொடிமரமே இல்லாம கட்டின கப்பல் ஆர்சோவா. 1954-ல ஓட ஆரம்பிச்சது. இதுக்கு முன்னாடி வந்த ஆர்கேடிஸ், ஒரோன்சே ரெண்டும் தூரத்துல பாக்க இதே ஜாடைதான், ஆனா அதுங்களுக்குக் கொடிமரம் உண்டு.

அடுத்தது போர்ட் சையது படம். கால்வாய் வாயில்ல கல் மேடை மேல ஒரு சிலை நிக்குதே, அது சூயஸ் கால்வாய் வெட்டின ஃபெர்டினாண்ட் தெ லெசெப்ஸ். 1956 டிசம்பர்ல எகிப்துக்காரங்க அதை வெடி வச்சு தகர்த்துட்டாங்க. அப்புறம் எடுத்த படத்துல வெறும் மேடை மட்டும்தான் இருக்கும். கால்வாயே 1956 நவம்பர்ல அடைச்சாச்சு, மறுபடி திறந்தது 1957 ஏப்ரல்ல. அதனால உங்க பெரியப்பா போனது 1954-க்கும் 56-க்கும் நடுவுல, சந்தேகமே வேண்டாம்.

பெட்டி தேதி கண்டுபிடிக்க எனக்கு இந்தக் கால்வாய் பெரிய உதவி. 1967 ஜூன்ல மறுபடி அடைச்சு 1975 வரைக்கும் திறக்கல. இங்கிலாந்து ஆஸ்திரேலியா பெட்டிகள்ல ஏடனும் போர்ட் சையதும் அதோட காணாமப் போயிடும், அதுக்குப் பதிலா கேப் டவுன், டர்பன்னு வர ஆரம்பிக்கும்.

ஜூன் 7, சாயந்திரம்

ஆமா, உங்க பெட்டியில கொழும்பை விட்டுப் புறப்படற படம் ஒண்ணுகூட இல்ல, கவனிச்சீங்களா? வழியனுப்ப வந்த சொந்தக்காரங்க, ஜெட்டி, எதுவும் இல்ல. ஏடன்லதான் ஆரம்பிக்குது. ஏடன் அப்ப சுங்கவரி இல்லாத துறைமுகம். கப்பல் நங்கூரம் போட்டதும் எல்லாரும் லாஞ்ச் ஏறி ஸ்டீமர் பாயின்ட்ல இருக்கற கடைங்களுக்கு ஓடுவாங்க, வாட்ச், பேனா, கேமரா. என்கிட்ட இருக்கற பெட்டியிலயும் நிறைய ஏடன்லதான் உயிர் பிடிக்குது. முதல் ரோல்ல மூணு நாலு படம் இருட்டா, இல்லாட்டி வெளுத்துப் போயி இருக்கும். புதுசா கேமரா வாங்கினவன் கை பழகற வரைக்கும்.

உங்க பெரியப்பாவும் அங்கதான் வாங்கியிருப்பார்னு தோணுது.

ஜூன் 9

மேல சொன்ன ஏடன் விஷயத்தை ரெண்டு நாளா மனசுல போட்டு உருட்டிட்டு இருந்தேன். இன்னொரு காரணமும் இருக்கலாம். படிக்கப் போறவர்னா இங்கிலாந்துல காலேஜ் திறக்கறது அக்டோபர், அதனால ஆகஸ்டுலயோ செப்டம்பர்லயோ கிளம்பியிருப்பார். கொழும்புல இருந்து ஏடன் வரைக்கும் அரபிக்கடல், தென்மேற்குப் பருவக்காத்து நேரம். கடல் அடிச்ச அடியில முதல் தடவை கப்பல் ஏறின பையன் படுக்கையை விட்டு எழுந்திருச்சிருக்கவே மாட்டான். கையில கேமரா இருந்தாலும் எடுத்திருக்க மாட்டார். வீட்டுல கேட்டுப் பாருங்க, கேமரா ஊர்ல இருந்தே கொண்டு போனாரான்னு.

கடல் ஆட்டம் பத்தி ஒண்ணு. பழைய டெக் படங்கள்ல அடிவானத்தைப் பாருங்க. ரெயிலிங் நேரா இருக்கும், கடல் சாய்ஞ்சு கிடக்கும். எடுத்தவர் கண்ணு கப்பலோட சேந்து சாய்ஞ்சிருக்கு, அவருக்குக் கப்பல்தான் தரை. ஸ்கேன் பண்றவங்க இதை 'சரி' பண்ணி அடிவானத்தை நேராக்கிடறாங்க, தயவு செஞ்சு அதைச் செய்யாதீங்க. அந்தச் சாய்வு ஒரு தகவல். 1950-ல வந்த சூசன் கப்பல்லதான் பெரிய பயணிக் கப்பலுக்கு முதல் முதலா ஆட்டத்தைக் குறைக்கற துடுப்பு வச்சாங்க, தண்ணிக்குள்ள ரெண்டு பக்கமும் மீன் துடுப்பு கணக்கா நீட்டிக்கிட்டு இருக்கும்.

ஜூன் 10

பதில் வந்திருக்கு. பெரியம்மா சொன்னாங்களாம், கேமரா "வழியில வாங்கினது"ன்னு. எந்த ஊர்னு அவங்களுக்கு ஞாபகம் இல்ல. போதும்.

ஜூன் 13

இப்ப உங்க பெட்டியில இருக்கற வருண பகவான் படத்துக்கு வருவோம். இது நீளமா போகும்.

தாடி வச்சு கிரீடம் போட்டு கையில சூலத்தோட ஒருத்தர் நிக்கறார், பக்கத்துல சோப்பு நுரையை ஒருத்தன் மூஞ்சியில அப்பிட்டு இருக்காங்க, பின்னாடி நீச்சல் குளம். பூமத்திய ரேகை தாண்டறப்ப நடத்தற கூத்து அது. முதல் தடவை தாண்டறவங்களை நெப்டியூன் ராஜா (மேல்நாட்டு வருண பகவான்) சபைக்கு இழுத்துட்டு வந்து, நுரை பூசி, மரக்கத்தியால ஷேவ் பண்ணி, குளத்துல தள்ளுவாங்க. கடைசியில சர்டிபிகேட்டும் கொடுப்பாங்க. வெயில் கொளுத்தும், எல்லாரும் டெக்ல, கலர் கலரா டிரெஸ். கோடாக்ரோமுக்குன்னே செஞ்ச மாதிரி ஒரு நாள். கப்பல்ல இருக்கற எல்லா கேமராவும் அன்னிக்கு வெளிய வந்துடும்.

ஆனா கொழும்பு பூமத்திய ரேகைக்கு வடக்க 7 டிகிரியில இருக்கு. அங்க ஏறி லண்டன் போறவர் ரேகையைத் தாண்டவே மாட்டார். அது நடக்கறது கொழும்புக்கும் ஆஸ்திரேலியாவோட ஃப்ரீமேன்டிலுக்கும் நடுவுல. அப்ப இந்த ஸ்லைடு உங்க பெரியப்பா எடுத்தது இல்ல.

எனக்கு இன்னும் பலமான சாட்சி படத்தோட வலது ஓரத்துல இருக்கு. பெருசு பண்ணிப் பாருங்க. நெப்டியூன் தாடி கயித்தைப் பிரிச்சுச் செஞ்சது, இழை இழையா தெரியுது. அதுக்குப் பின்னாடி ஃப்ரேம் வெட்டுற இடத்துல ஒரு கை, ஒரு வாளி. நீல அங்கி, இடுப்புல செவப்புத் துணி சுத்தியிருக்கு. தலை ஃப்ரேமுக்கு வெளிய. அது பி அண்ட் ஓ கப்பல்ல டெக் வேலை பாத்த இந்திய லஸ்கர் (கப்பல் தொழிலாளி) உடுப்பு. ஓரியன்ட் லைன் கப்பல்ல அந்த ஆளுங்க கிடையாது, அங்க வெள்ளைக்காரங்கதான் வேலைக்கு. ஆக இது வேற கப்பல், வேற பயணம். லண்டன்ல சினேகிதன் யாராவது கொடுத்திருக்கணும். ஸ்லைடு மாத்திக்கறது அப்ப சகஜம்.

ஜூன் 13, தொடர்ச்சி

அந்த வாளி பிடிச்ச ஆளை விட மனசு வரல.

பி அண்ட் ஓ கப்பல்ல டெக்ல வேலை பாத்தவங்க குஜராத், கொங்கண் பக்கத்து ஆளுங்க. கீழ எஞ்சின் ரூம்ல பஞ்சாப், வடமேற்கு எல்லைப் பக்கத்து முஸ்லிம்கள். சாப்பாடு பரிமாறறதும் கேபின் பாத்துக்கறதும் கோவாக்காரங்க. ஒரு கப்பல்ல நூத்துக்கணக்குல இருந்தாங்க. பயணிங்களுக்குக் காலையில டீ கொண்டு வந்து கொடுத்தது அவங்க, குளியல் தொட்டியில கடல் தண்ணி ரொப்பி வச்சது அவங்க, டெக்கைக் கழுவினது அவங்க. பயணிங்க எடுத்த படத்துல அவங்க எப்படி வர்றாங்க தெரியுமா? ஓரத்துல. முதுகா. தட்டோட ஒரு கையா. படம் பிடிக்கறவர் பொண்டாட்டியை எடுக்கப் போக, பின்னாடி தற்செயலா மாட்டினவங்களா. இங்க ஒரு பெட்டியில ஒரே ஒரு ஸ்லைடு பாத்தேன், கேபின் பையன் ஒருத்தர் கதவுகிட்ட நேரா நின்னு கேமராவைப் பாக்கறார், ஃபிரேம் அட்டையில "எங்கள் ஸ்டூவர்ட்"னு பென்சில்ல இங்கிலீஷ்ல எழுதியிருந்துச்சு. பேரு இல்ல. அஞ்சு வாரம் தினம் டீ கொடுத்தவர் பேரை எழுதத் தோணலையே அவங்களுக்கு, எனக்கு அது இன்னிக்கும் வலிக்குது.

அதனாலதான் சொல்றேன், எந்தப் படத்தையும் க்ராப் பண்ணாதீங்க. அழகா இல்லைன்னு ஓரத்தை வெட்டறோம்ல, அவங்க இருக்கறதே அந்த ஓரத்துலதான்.

ஜூன் 15

அமெரிக்க போட்டோகிராபர் ஸ்டீக்லிட்ஸ் எடுத்த 'தி ஸ்டீரேஜ்'ங்கற புகழ்பெற்ற படத்தைப் பத்தி ஒருத்தர் கேட்டிருக்கார். 1907, கைசர் வில்ஹெல்ம் 2 கப்பல். காலம் வேற, ஆனா விஷயம் இதேதான். அவர் முதல் வகுப்பு. அங்க இருக்கற கூட்டம் புடிக்காம நடந்து போயி, கீழ மூணாம் வகுப்பு ஜனங்க நிக்கறதை மேல இருந்து பாக்கறார். கேபினுக்கு ஓடிப் போயி கேமரா எடுத்துட்டு வர்றார், அதுல மிச்சம் இருந்தது ஒரே பிளேட்டு. பாக்கறவங்க எல்லாம் அமெரிக்காவுக்குப் பிழைக்க வர்ற ஜனங்கன்னு நினைப்பாங்க. கப்பல் போனது ஐரோப்பாவுக்கு. திரும்பிப் போறவங்க அவங்க.

அது மேல இருந்து கீழ பாத்த படம். இப்ப உங்க பெரியப்பாவோட இன்னொரு ஸ்லைடை எடுங்க, நீங்க "இது ஏனோ எடுத்திருக்கிறார்"னு எழுதியிருந்தீங்களே அது. படியோட அடியில நின்னு மேல பாத்து எடுத்திருக்கார். குறுக்க ஒரு கயிறு, அதுல ஒரு பலகை. மேல தளத்துல வெள்ளை சட்டைக்காரர் ஒருத்தர் ரெயிலிங்ல கை ஊனி நிக்கறார், அவர் கீழ பாக்கவே இல்ல. பலகையில எழுத்து மங்கல், ஆனா 'ஃபர்ஸ்ட் கிளாஸ்'ங்கற அளவுக்குப் படிக்க முடியுது. டூரிஸ்ட் கிளாஸ் டிக்கெட்ல போன இருபது வயசுப் பையன், ஒரு ரோலுக்கு எண்ணின படம்தான், ஃபிலிம் விலை அவ்வளவு, அதுல ஒண்ணை அந்தக் கயித்துக்கு செலவு பண்ணியிருக்கார். எனக்கு உங்க பெட்டியிலேயே பெரிய படம் இதுதான். போஸ் இல்ல, சிரிப்பு இல்ல. அவர் எங்க நின்னாருன்னு இருக்கு.

ஜூன் 15, பிற்சேர்க்கை

டூரிஸ்ட் கிளாஸ்னா எப்படின்னு கேட்டிருக்காங்க. நாலு பேர் ஆறு பேர் படுக்கற கேபின், மேல கீழன்னு அடுக்குப் படுக்கை, முன்னப் பின்ன தெரியாத ஆளுங்களோட. உள் பக்கத்துக் கேபினுக்கு வட்ட ஜன்னல் கிடையாது. குளியலறை வராந்தா கடைசியில, பொதுவானது. ஆஸ்திரேலியாவுக்கு 10 பவுண்டு திட்டத்துல போன இங்கிலாந்துக் குடும்பங்களை சில கப்பல்ல புருஷன் ஒரு கேபின், பொண்டாட்டி பிள்ளைங்க வேற கேபின்னு பிரிச்சே போட்டாங்க. இது எதுக்கும் நல்ல படம் கிடைக்காது. ஆறு பேர் கேபினுக்குள்ள பின்னாடி நகர்ந்து எடுக்க இடமே இல்ல, 50 எம்எம் லென்ஸ்ல படுக்கையோட ஒரு மூலை வரும், அவ்வளவுதான்.

கரீபியன் தீவு ஜனங்களை இங்கிலாந்துக்குக் கொண்டு வந்த எம்பயர் விண்ட்ரஷ் கப்பல் கதையும் இதேதான். 1948 ஜூன்ல ஜமைக்காவுல இருந்து ஆயிரத்துக்கு மேல ஆளுங்களோட வந்தது. எல்லாரும் பாத்திருக்கற படம் எல்லாம் டில்பரியில கப்பல் வந்து நின்னதுக்கப்புறம் பத்திரிகைக்காரங்க எடுத்தது. தொப்பி, கோட்டு, பெட்டி.

ஜூன் 18

லென்ஸ் மங்கல் பத்திக் கேட்டவருக்கு. ஏசி ஹால்ல இருந்து கேமராவை நேரா வெப்ப மண்டல டெக்குக்குக் கொண்டு வந்தா லென்ஸ் முழுக்க பனி பூத்துடும். 1960-ல ஒரியானா, 61-ல கேன்பெரா, ரெண்டும் பயணிங்க இடம் முழுக்க ஏசி, அதனால அந்தக் காலத்துப் பெட்டியில பனிமூட்டம் மாதிரி படம் கூட வருது. அது ஃபிலிம் கோளாறு இல்ல. தோல் உறைக்குள்ளயே மாசக்கணக்குல வச்சா பூஞ்சை புடிக்கும், அது தனிக் கதை, லென்ஸ் உள்ள சிலந்தி வலை கணக்கா இருக்கும்.

ஜூன் 21

போர்ட் சையது படகு வியாபாரிங்க படம் யாராவது வச்சிருந்தா போடுங்க. கீழ படகுல இருந்து கயித்தை மேல எறிவாங்க, பயணி அதை ரெயிலிங்ல கட்டணும், கூடையில சாமான் மேல வரும், காசு கீழ போகும். தோல் பை, ஒட்டக பொம்மை. மேல இருந்து எடுக்கறதால வெயில் நேரா அவங்க மூஞ்சியில விழும், அண்ணாந்து கத்தறாங்க, பேரம் பேசறாங்க, ஒருத்தன் கையில செருப்பைத் தூக்கிக் காட்டறான். அந்தக் காலத்துக் கப்பல் படங்கள்லயே உயிரோட இருக்கறது இதுதான்னு எனக்கு ஒரு அபிப்பிராயம். ஏன்னா அங்க யாரும் கேமராவுக்காக நிக்கல, அவனவனுக்கு வியாபாரம்.

கொழும்புலயும் இதே கூத்து உண்டு, கருங்காலி யானை, அன்னாசி, கல் வச்ச மோதிரம்.

ஜூன் 24

நம்ம ரஜூலாவைப் பத்தி ஏன் எழுதலைன்னு மலேசியாவுல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. நியாயமான கேள்வி.

ரஜூலா 1926-ல கிளாஸ்கோவுல கட்டினது, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர். 70கள் தொடக்கம் வரைக்கும் ஓடுச்சு. 8,500 டன்னுக்குக் கொஞ்சம் கம்மியான கப்பல், அதுக்கு ஆரம்பத்துல 5,000 பேருக்கு மேல ஏத்தலாம்னு லைசென்ஸ். அதுல பெரும்பகுதி டெக் பயணிங்க. டிரங்குப் பெட்டியை நாலு பக்கமும் அடுக்கி நடுவுல பாய் விரிச்சா அதுதான் வீடு. நாகப்பட்டினத்துல கப்பல் கரைக்கு வராது, படகுல போயித்தான் ஏறணும்.

இப்ப சொல்லுங்க, அந்த டெக்குக்கு உள்ள எடுத்த படம் எத்தனை பாத்திருக்கீங்க? கப்பல் துறைமுகத்துல நிக்கற படம் வேணும்ங்கற அளவுக்கு இருக்கு. உள்ள? என் பெரிய மாமா நாகப்பட்டினத்துல ஏறி மலாயா போனவர், வந்தவர், திரும்பப் போனவர். அவர்கிட்ட இருந்த ஒரே படம் பினாங்குல ஸ்டூடியோவுல எடுத்தது, கோட்டு போட்டு, பூ ஜாடி மேல கை வச்சு. பாயில படுத்துக்கிட்டு வாந்தி எடுத்ததையும், பக்கத்து பெட்டிக்காரரோட சண்டை போட்டதையும், கடைசி நாள் எல்லாரும் ஒருத்தர் விலாசத்தை ஒருத்தர் எழுதி வாங்கினதையும் வாயால சொல்வார், நாங்க சுத்தி உக்காந்து கேப்போம். படம் இல்ல. கேமரா வச்சிருந்தவங்க மேல கேபின்ல போனாங்க. கீழ போனவங்களுக்குக் கேமரா வாங்கற காசுல ஊர்ல ஒரு மாடு வாங்கலாம். காசு கொடுத்து பிரிண்ட் வாங்க ஆள் இல்லாத இடத்துக்கு எந்த போட்டோகிராபரும் ஃபிளாஷ் பல்பை எடுத்துட்டு இறங்க மாட்டான்.

ஆர்சோவாவுல டூரிஸ்ட் கிளாஸ் வரைக்கும் கேமரா இறங்கிச்சு. ரஜூலாவுல பாய் வரைக்கும் இறங்கல. அதனால உங்க பெரியப்பாவோட பெட்டி எனக்கு இவ்வளவு முக்கியமா தெரியுது.

ஜூன் 25

மேல எழுதினதை ஒருத்தர் ஆட்சேபிச்சிருக்கார், மலாயாவுல கடை வச்சிருந்தவங்க, ரப்பர் தோட்டத்துல கிராணி (குமாஸ்தா) வேலை பாத்தவங்க சிலர்கிட்ட பாக்ஸ் கேமரா இருந்துச்சு, ரஜூலா டெக்ல எடுத்த சின்ன சின்ன கருப்பு வெள்ளைப் படம் தன் அத்தை வீட்டுல பாத்ததா ஞாபகம்னு. இருந்தா அதைவிட சந்தோஷம் எனக்கு இல்ல. நான் சொன்னது என் கண்ணுல பட்டதை வச்சு. பாக்ஸ் கேமராவுக்கு நல்ல வெயில் இருந்தா போதும், டெக்ல வெயிலுக்குப் பஞ்சமே இல்ல. தேடுங்க சார், அத்தை வீட்டுப் பரணைத் தேடுங்க.

ஜூன் 28

ஸ்கேன் பண்றது பத்தி நிறைய பேர் தனியா கேட்டுட்டீங்க, எல்லாருக்கும் சேத்து.

ஸ்லைடைப் புரொஜெக்டர்ல போட்டுப் பாக்காதீங்க. கோடாக்ரோம் இருட்டுல வச்சா கலர் அப்படியே இருக்கும், புரொஜெக்டர் வெளிச்சம் பட்டா சீக்கிரம் வெளுக்கும். பெட்டியில சிலது மட்டும் செவப்பேறி இருந்தா அது பெரும்பாலும் அந்தக் காலத்து எக்டாக்ரோம்ங்கற வேற வகை ஃபிலிம், அதை முதல்ல ஸ்கேன் பண்ணிடுங்க, அது காத்திருக்காது. ஸ்கேனர்ல தூசி நீக்கற இன்ஃப்ரா ரெட் வசதியைக் கோடாக்ரோமுக்கு அணைச்சு வைங்க, சில இடத்துல படத்தையே தூசின்னு நினைச்சு அழிச்சுடும். ஊதுற பல்ப் வச்சு தூசியை ஊதிட்டு, வெறும் ஸ்கேன்.

அட்டை ஃப்ரேமையும் ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து வச்சுக்குங்க. அதுல குத்தியிருக்கற தேதி டெவலப் பண்ண தேதி, எடுத்ததுக்கு மாசக்கணக்குல பிந்தியும் இருக்கலாம். பென்சில்ல ஏதாவது இருந்தா அழிக்காதீங்க, புரியலைன்னாலும். வரிசையைக் கலைக்காதீங்க.

கருப்பு வெள்ளை நெகட்டிவ் கிடைச்சா ஆல்பத்துப் பிரிண்டை நம்பாம நெகட்டிவையே முழுசா ஸ்கேன் பண்ணுங்க. பிரிண்ட் போட்டவன் ஓரத்தை வெட்டியிருப்பான், நானே லேப்ல தினம் வெட்டியிருக்கேன், கஸ்டமர் மூஞ்சி நடுவுல வரணும்னு கேப்பாங்க. நெகட்டிவ்ல அந்த ஓரம் அப்படியே இருக்கும்.

ரஜூலா, ஸ்டேட் ஆஃப் மெட்ராஸ், சிதம்பரம் கப்பல்ல உள்ள எடுத்த படம் யார்கிட்ட இருந்தாலும், எவ்வளவு மங்கலா இருந்தாலும், இங்க போடுங்க. எந்தத் தளம், எந்தப் பக்கம் வெயில்னு பாத்து நான் கூட உக்காந்து கண்டுபிடிக்கறேன்.